ஹாலுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று: டெல்டாவில் எந்த போன்சாய் நிற்கும்?

கேட்டது இதுதான்: கும்பகோணத்தில் வீடு. ஹாலில் வைக்க ஒரு போன்சாய், மொட்டை மாடியில் வைக்க ஒன்று வேண்டும். போன வருடம் ஆன்லைனில் வாங்கிய ஜூனிபர் இரண்டு மாதத்தில் காய்ந்துபோய்விட்டது. எந்த மரம் வாங்கலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது? ஆலும் அரசும் வீட்டில் ஆகாது என்று அம்மா சொல்கிறார், அது சரியா?

முதலில் அந்த ஜூனிபர். அதை நீங்கள் கொல்லவில்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்தில் சில மாதம் நல்ல குளிரில் ஓய்வெடுத்து, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கிற மரம் அது. நம் பக்கம் மார்கழி ராத்திரியே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஓய்வே இல்லாமல் அது களைத்துப் போகும், அதற்குமேல் கத்திரி வெயில் வேறு. இன்னொன்று, ஜூனிபரின் வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே இருக்கும். கூரியர் பெட்டியைத் திறக்கும்போதே உயிர் போயிருந்திருக்கலாம். பைன், மேப்பிள், செர்ரி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். போட்டோவில் எவ்வளவு அழகாக இருந்தாலும் காவிரிப் படுகையில் அவற்றுக்குக் காசு போடாதீர்கள்.

போன்சாய் என்று தனியாக ஒரு மர இனம் கிடையாது. சாதாரண மரத்தையே வேரையும் கிளையையும் வெட்டி வெட்டி ஆழமில்லாத தொட்டியில் வளர்ப்பதுதான் அது. அதனால் நான் யாருக்கும் சொல்லுகிற முதல் விஷயம்: உங்கள் தெருவில், வாய்க்கால் கரையில், கிணற்றுச் சுவரில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் எது வளர்கிறதோ, அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஜப்பான்காரர்கள் செய்ததும் அதைத்தான். அவர்கள் மலையில் பைன் இருந்தது, பைனை எடுத்தார்கள். நம்மிடம் ஆலும் அரசும் புளியும் இருக்கின்றன.

இப்போது ஹால். வீட்டுக்குள் இருப்பதை விரும்புகிற மரம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. நிழலைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிற மரங்கள் சில உண்டு, அவ்வளவுதான். ஜப்பானிலும் போன்சாய் வருடம் முழுக்க வெளியில்தான் நிற்கும். விருந்தினர் வரும்போது வீட்டுக்குள் அதற்கென்று இருக்கும் மாடத்தில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வெளியே கொண்டுபோய்விடுவார்கள். நம் கண் இதில் நம்மை ஏமாற்றும். உச்சி வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸை ஒட்டி இருக்கும். ஜன்னலைவிட்டுத் தள்ளியிருக்கும் டீப்பாய் மேல் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். நமக்கு ஹால் பளிச்சென்று தெரியும், மரத்துக்கு அது இருட்டு.

அதனால் ஹாலுக்கு ஒரு மரம் வாங்காமல் ஒரே மாதிரி இரண்டாக வாங்குங்கள். ஒன்று ஹாலில் ஒரு வாரம், மற்றது மாடியில் பாதி நிழலில். அடுத்த வாரம் மாற்றிவிடுங்கள். மாடியிலிருந்து இறங்கும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஹாலிலிருந்து மேலே போகிற மரத்தை மட்டும் முதல் நாளே நேர் வெயிலில் வைத்துவிடாதீர்கள், இலை கருகும். உங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடாக இருந்தால் இந்தச் சிரமமே வேண்டாம். மேலே திறந்த முற்றத்தின் ஓரம், தாழ்வாரத்துத் தூணடி, இதைவிட நல்ல இடம் போன்சாய்க்குக் கிடையாது. வெளிச்சம் வரும், மழைச்சாரல் வரும், வீட்டுக்குள் இருப்பது போலவும் இருக்கும். மாடி வீடு, ஃபிளாட் என்றால் கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள். ஏ.சி. காற்று நேராகப் படுகிற இடம் வேண்டாம். ஜன்னலே சரியில்லை என்றால் வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு தினம் 12 மணி நேரம் எரியவிடலாம், வேலை செய்கிறது.

அந்த இடத்துக்கு எந்த மரம்? எனக்கு முதல் தேர்வு ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த சிறிய இலை ஃபைகஸ் வகைகள். ஃபைகஸ் மைக்ரோகார்ப்பாவும் அதன் ஒட்டு ரகங்களும் நர்சரிகளில் சுலபமாகக் கிடைக்கும். கிழங்கு மாதிரி வேர் பருத்து, மேலே கொத்தாக இலை வைத்து, 'ஜின்செங்' என்று விற்பதும் இதே இனம்தான். அடியில் பருத்திருப்பது விதையிலிருந்து வந்த வேர், மேலே இருக்கும் சிறு இலை ஒட்டுக் கட்டியது. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் அது மேலே இருப்பதை அமுக்கிவிடும். நிழலைத் தாங்கும், தண்ணீரில் சின்னத் தப்பு நடந்தாலும் மன்னித்துவிடும். ஆனால் உருவத்தில் இது கடைசிவரை மரமாகத் தெரிவதில்லை. பழகிக்கொள்ள வாங்கலாம், ஆசை அதோடு அடங்காது. இரண்டாவது தேர்வு ஜேட். சின்ன வட்ட இலை, சிவந்த தண்டு. தென்னாப்பிரிக்கச் செடி, இலையிலேயே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். இலை லேசாகச் சுருங்கிய பிறகு ஊற்றினால் போதும். வாரம் ஒரு முறை ஊருக்குப் போகிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. ஜன்னலோர வெயில் மட்டும் கட்டாயம்.

மாடிக்கு என்றால் வஞ்சனையில்லாமல் தேர்ந்தெடுக்கலாம். புளி அருமையான போன்சாய் மரம். இலை பிறக்கும்போதே சிறியது, பட்டை இளசிலேயே வெடித்து வயசைக் காட்டும், சாயங்காலம் ஆனால் இலை மூடிக்கொள்ளும். மெதுவாகத்தான் பருக்கும், அதற்குப் பொறுமை வேண்டும். கொடுக்காப்புளி சுறுசுறுப்பாக வளரும், முள் கையைக் கிழிக்கும். காகிதப்பூவுக்கு தினம் ஆறு மணி நேரம் நேர் வெயில் கிடைத்தால் பூத்துத் தள்ளும். யாராவது வேலியோரம் பழைய காகிதப்பூவை வெட்டிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த அடிக்கட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பத்து வருடம் மிச்சம். பாலைவன ரோஜா என்கிற அடீனியமும் மாடியில் நன்றாக வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிழங்கு அழுகும், அந்த இரண்டு மாதம் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். அதன் பால் விஷம், குழந்தைகள் இருந்தால் கவனம்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒரு மரத்தைச் சொல்கிறேன்: பராய். திருச்சிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் இருக்கும் திருப்பராய்த்துறைக்குத் தலமரம் அதுதான், ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது. சொரசொரப்பான சின்ன இலை, வெட்ட வெட்ட அடர்ந்து கிளைக்கும். தாய்லாந்திலும் வியட்நாமிலும் இதே மரத்தைத்தான் விதவிதமாக வடிவம் கொடுத்து வளர்க்கிறார்கள். நம் ஊரில் வேலியில் நிற்கிறது, யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கடலோரம், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் முன்னை மரம். உப்புக்காற்றுக்கு அசராது. பிலிப்பைன்ஸ்காரர்கள் அதில் பெரிய பெரிய போன்சாய் செய்கிறார்கள்.

தென்னையில் போன்சாய் செய்யலாமா என்று டெல்டாவில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். முடியாது. தென்னை, பனை எல்லாம் ஒரே குருத்தில் வளர்பவை, வெட்டினால் கிளைக்காது. தேங்காயில் முளைத்த கன்றைத் தட்டில் வைத்து அழகு பார்க்கலாம், அது வேறு.

இவை எல்லாவற்றையும்விட நான் ஆசைப்படுவது சுவரில் முளைத்த அரசும் ஆலும்தான். பறவை எச்சத்தில் விழுந்த விதை பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவரில், கிணற்று உறையில், தண்ணீர்த் தொட்டி மூலையில் முளைத்து நிற்கும். மண்ணே இல்லாத இடுக்கில் நாலைந்து வருடம் பிழைத்த கன்று அது. அடி பருத்து, வளைந்து, இலை சிறுத்து, பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கும். வீட்டுக்காரர் எப்படியும் பிடுங்கி எறியத்தான் போகிறார், கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார். கோயில் சுவரிலும் கோபுரத்திலும் இருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை எடுக்க வேண்டியவர்கள் கல்லுக்குச் சேதம் வராமல் எடுக்க வேண்டும்.

எடுக்கிற விதம் முக்கியம். பிடித்து இழுத்தால் பட்டை உரிந்து கையோடு வரும், வேர் உள்ளேயே நின்றுவிடும். பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, சின்ன உளியால் செங்கல் இடுக்கில் சுரண்டினால் காரை பொடிப்பொடியாக உதிரும். கன்றைச் சுற்றி அப்படியே ஒரு கை ஆழத்துக்குச் சுரண்டிக்கொண்டு போங்கள். தடித்த வேர் ஒன்று உள்ளே நீளமாக ஓடும், அதை நாலைந்து அங்குலம் விட்டு வெட்டலாம். மெல்லிய சல்லி வேர்கள்தான் உயிர், அவற்றைச் செங்கல் துண்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும், தண்ணீரில் கழுவினால் நிற்கும், சிலருக்கு அது தோலில் அரிக்கும். இலையை எல்லாம் காம்பு மட்டும் விட்டுக் கத்தரித்துவிட்டு, ஈரத்துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆழமான மண்தொட்டியில் வையுங்கள். அழகான தட்டுக்கு இப்போதே அவசரப்படக் கூடாது. ஒரு பெரிய பாலிதீன் உறையைத் தளர்வாகக் கவிழ்த்து நிழலில் வைத்தால் மூன்று நாலு வாரத்தில் தண்டில் மொட்டு தெரியும். பிறகு உறையில் ஓட்டை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். ஒரு வருடம் வேரைத் தொடக் கூடாது. காலம், மாசிக் கடைசி முதல் பங்குனி வரை. அரசும் ஆலும் தாமாகவே இலை உதிர்த்துத் துளிர்க்கிற நேரம் அது, கத்திரிக்கு முன்னால் வேர் பிடித்துக்கொள்ளும்.

சுவர்க்கன்று கிடைக்கவில்லை என்றால் ஆல் போத்து நடலாம். வேலிக்குப் பூவரசு போத்து நடுவார்களே, அதே முறைதான். மணிக்கட்டுப் பருமனில் ஒன்றரை அடிக் கொம்பு, செங்கல் குருணையில் சாய்த்து நட்டால் வேர் விடும். பருமன் நட்ட அன்றே கையில் இருக்கும், அடிவேர் விரிவதற்குத்தான் வருடங்கள் ஆகும். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: தட்டில் வைத்த பிறகு எந்த மரத்தின் அடியும் பெரிதாகப் பருக்காது. தண்டு தடிக்க வேண்டுமென்றால் மூன்று நாலு வருடம் கொல்லையில் தரையில் வளருங்கள். நடும்போது வேருக்கு அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டால் ஆணிவேர் கீழே இறங்காமல் வேர் பக்கவாட்டில் பரவும், பின்னால் தட்டுக்கு மாற்ற வசதி.

நர்சரியில் வாங்கப் போனால் இலையைப் பார்க்காதீர்கள், இலை எப்போது வேண்டுமானாலும் வரும். மண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். வேர் நாலாபக்கமும் விரிந்து மண்ணைப் பிடித்திருக்கிறதா, அடி தடித்து மேலே போகப் போகச் சிறுத்திருக்கிறதா, இரண்டும் இருந்தால் நல்ல மரம். தண்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் போன வாரம்தான் தட்டில் வைத்திருக்கிறார்கள். கம்பி சுற்றி மறந்த தழும்பு கிளையில் இருந்தால் விலை குறைத்துக் கேளுங்கள், அது ஆற வெகுகாலம் ஆகும். தட்டைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் உடைத்து எடுத்துவிட வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்காது.

அடுத்தது மண். டெல்டாவில் போன்சாய் சாவதற்கு வெயிலைவிட மண்தான் அதிகம் காரணம். காவிரி வண்டல் நெல்லுக்குத் தங்கம். இரண்டங்குல ஆழத் தட்டில் அதைப் போட்டால் வேர் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பொடிமண்ணில் தண்ணீர் ஓட்டை வழியாக முழுக்க வடியாது, அடியில் ஒரு அடுக்கு எப்போதும் சொதசொதவென்று நிற்கும். ஆழமான தொட்டியில் வேர் அதற்கு மேலே பிழைத்துக்கொள்ளலாம், தட்டில் அந்த அடுக்குதான் மொத்த மண்ணுமே. அதனால் குருணையாக இருக்கும் பொருள் வேண்டும். ஜப்பானிய அகடாமா மண்ணை விலை கொடுத்து வரவழைக்க வேண்டியதில்லை, செங்கல் சூளைகள் நம் பக்கம் குறைவா என்ன? நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து, சல்லடையில் சலித்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் எடுங்கள். தூளை இரக்கமில்லாமல் கொட்டிவிட வேண்டும். வேகாத செங்கல் பிரயோஜனப்படாது. ஒரு பிடி எடுத்து ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள், காலையில் விரலில் நசுங்கினால் வேண்டாம். பத்துப் பங்கு கலவையில் ஆறு பங்கு இந்தக் குருணை, இரண்டு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு பங்கு கழுவிய தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு உமிக்கரி. கரியாகவே இருக்கிற உமி வேண்டும். ரைஸ்மில்லில் வெள்ளைச் சாம்பலாகக் கிடைப்பது வேண்டாம், அது காரம், மண்ணையும் அடைக்கும். ஜேட்டுக்கும் அடீனியத்துக்கும் நார்த்தூளை விட்டுவிட்டு அதற்கும் குருணையே போடுங்கள்.

தட்டுக்கு ஊரில் குயவர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லி ஆழம் குறைந்த சட்டியாக, அடியில் பெரிய ஓட்டைகளோடு செய்து வாங்கலாம். ஓட்டைக்கு மேல் பிளாஸ்டிக் கொசுவலைத் துண்டு. மரத்தை மெல்லிய கம்பியால் ஓட்டை வழியே தட்டோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், அசைந்துகொண்டிருந்தால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். ஃபைகஸ் வகைகளை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு மறுபடி வைக்கலாம். புளிக்கு மூன்று வருடம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே கூடாது, வெட்டுப்பட்ட வேர் அடைமழையில் அழுகும்.

தண்ணீருக்கு மணிக்கணக்கு வைக்காதீர்கள். தட்டு மண்ணில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி வைத்து, காலையில் உருவிப் பாருங்கள். நுனி ஈரமாகக் கறுத்திருந்தால் வேண்டாம், உலர்ந்திருந்தால் ஓட்டை வழியாக வழிகிற அளவு ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் மாடி மரத்துக்கு இரண்டு வேளையும் தேவைப்படும். அந்த மாதங்களில் தளத்தின் சூடு தட்டின் அடியிலிருந்து வேரை வேகவைக்கும். செங்கல் அடுக்கியோ பெஞ்சு போட்டோ இரண்டடி தூக்கி வையுங்கள், மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் தட்டு விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை ஓரம் கருகும். அங்கே மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, மாதம் இரண்டு முறையாவது அதில் மண்ணை நன்றாக அலசிவிட வேண்டும்.

உரம் எளிது. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து 15 நாளுக்கு ஒரு முறை. மண் மாற்றிய ஒரு மாதமும் அடைமழை நாட்களிலும் வேண்டாம்.

வடிவம் கொடுக்க அலுமினியக் கம்பி போதும், கிளைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன். நம் வெயிலிலும் ஈரத்திலும் ஃபைகஸ் வேகமாகப் பருக்கும், நாலு வாரத்திலேயே கம்பி பட்டைக்குள் அழுந்த ஆரம்பிக்கும். வாராவாரம் பாருங்கள், கழற்றும்போது முறுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். என்னைக் கேட்டால் கம்பியைவிடக் கத்தரிக்கோல்தான் நம் மரங்களுக்குச் சரி. ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலைக்கு வெட்டுங்கள், அடுத்த துளிர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்த இலைக்கு மேல் வெட்டுங்கள். ஆலுக்கு விழுது வேண்டுமென்றால் ஐப்பசி ஈரத்தில் கிளையில் எட்டிப் பார்க்கும் நுனியை ஒரு ஸ்ட்ராவுக்குள் விட்டு, அடியை மண்ணில் ஊன்றி, உள்ளே ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணைத் தொட்டுப் பிடித்ததும் ஸ்ட்ராவைக் கீறி எடுத்துவிடலாம். அது தடித்துத் தூணாக நிற்கிற அழகு ஜப்பானிய மரம் எதிலும் வராது.

உங்கள் அம்மா சொல்வதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆலும் அரசும் வீட்டோரம் வந்தால் வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பெரியவர்கள் ஆகாது என்றார்கள். தட்டில் வேர் வெட்டி வளரும் மரம் அந்த வேலையைச் செய்யாது, ஒரு நிபந்தனையோடு. தட்டைத் தரையிலோ தளத்திலோ நேராக வைத்தால் ஓட்டை வழியாக வேர் இறங்கித் தள விரிசலுக்குள் போய்விடும். பெஞ்சு மேல் வைத்து, மாதம் ஒரு முறை தட்டைத் தூக்கி அடியைப் பாருங்கள் என்று அம்மாவிடம் அந்தப் பொறுப்பையே கொடுத்துவிடலாம். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் புளியும் பராயும் இருக்கவே இருக்கின்றன, வீட்டில் வருத்தம் வேண்டாம்.

பூச்சியில் இரண்டைக் கவனித்தால் போதும். இலைக் கணுவில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஃபைகஸ் இலை நடுவில் மடிந்து மூடியிருந்தால் உள்ளே கறுப்பாக இலைப்பேன் இருக்கும், அந்த இலைகளைப் பறித்து மூடிய உறையில் போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், போன்சாய் தட்டு எம்மாத்திரம். ஆனிப் பாதியிலேயே தட்டுகளைப் பெஞ்சோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், மேற்குப் பக்கம் ஒரு வலை மறைப்பு வையுங்கள். கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கட்டி வைப்பதோடு விட்டுவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை ஏறியபோது வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளே படுத்துவிட்டன. எச்சரிக்கை வந்த அன்றே எல்லாத் தட்டையும் கீழே இறக்கி, ஹாலில் சுவரோரம் தரையில் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இருட்டை எந்த மரமும் தாங்கும்.